காளானும் வாரிசும்

திருவண்ணாமலையில் ஐப்பசியும் கார்த்திகையும் மழையின் மாதங்கள். மக்கள் வெள்ளத்தின் மாதங்களும் அவையே. 800 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளும் வீதியில் அந்நாட்களில் கால்கள் ஓய்வதில்லை. தீபத் திருவிழாவுக்கு வருகின்ற இலட்சக்கணக்கானோர் மலையுச்சியை அண்ணாந்து நோக்குவர். அவ்வூரில் வாழும் நாமோ, 2021ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், தலையைக் குனிந்து ஒன்றை நோக்க நேர்ந்தது. நம் வீட்டுக் கொல்லையில் வீழ்ந்து கிடந்த வேப்பமரத்தின் மீது முளைத்திருந்த சின்னஞ்சிறு காளான்களே அவை.

அம்மரம் நம் தந்தையார் நட்டு வளர்த்தது. தந்தையார் 2009இல் மவுத்தானார். மரம் 2020 நவம்பரில், நிவர் புயல் கரையைக் கடந்த இரவில், வேரோடு சாய்ந்தது. கிளைகளை வெட்டி அப்புறப்படுத்தினோம். அடிமரத்துக்கு விறகுக் கடைக்காரர் சொன்ன விலை நமக்கு ஒப்பவில்லை. ஆகவே அது அங்கேயே கிடந்தது. ஓராண்டு கழிந்து மழை வலுத்தபோது, ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகை முடித்து வந்து பார்க்கையில், மரத்தின் ஈரப் பிளவுகளிலெல்லாம் குடைகள் விரிந்திருந்தன. விரல் நகத்தின் அளவே உடைய குடைகள், ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். ஜமாஅத்துத் தொழுகையில் ஸஃப் கட்டி நிற்போரைப் போன்று தோளோடு தோள் ஒட்டி நின்றன. வெண்மையாகத் தோன்றி, பொழுது ஏற ஏறச் சாம்பல் நிறம் கொண்டு, மறுநாளே தலை சாய்ந்தன. நம்மிடம் ஓதிச் சென்று பின்னர்க் கல்லூரியில் தாவரவியல் பயின்ற மாணவர் ஒருவர் அவற்றைக் கண்டு, கோப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ் என்பது அதன் அறிவியற் பெயர் என எழுதிக் காட்டினார். மரத்தின் மேற்புறத்தில், சற்றுக் காய்ந்த இடத்தில், வெண்ணிற விசிறிகள் போல் ஒட்டியிருந்த மற்றொன்றுக்கு ஸ்கைசோஃபில்லம் கம்யூன் என்று பெயர் சொன்னார். அதன் அடிப்புறத்து ஏடுகள் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தவை. வெயில் காய்ந்தால் அவை சுருண்டு மூடிக்கொள்ளும். மழை பெய்தால் மீண்டும் விரியும்.

அம்மாணவர் விளக்கியதும், அதன்பின் நாம் நூல்களில் தேடிப் படித்ததும் நம் சிந்தையை விட்டு அகலவில்லை. அவற்றை ஈண்டு சுருங்கச் சொல்வோம்.

நம் கண்ணுக்குக் காளானாகத் தெரிவது அவ்வுயிரின் முழு உடல் அன்று. அதன் கனி போன்ற உறுப்பு மட்டுமே. குடையின் அடியில் நூலின் ஏடுகளைப் போல் அடுக்கப்பட்டிருக்கும் செவுள்கள், கண்ணுக்குப் புலப்படாத வித்துகளை இலட்சக்கணக்கில் காற்றில் உதிர்ப்பதற்காக அமைந்தவை. மெய்யான உடலோ மரத்தினுள் பரவிக் கிடக்கும் இழைகளே. தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணிய அவ்விழைகளுக்குப் பச்சையம் இல்லை. ஆதலின் செடி கொடிகளைப் போன்று கதிரவன் ஒளியால் தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ள அவற்றால் இயலாது. பிற உயிர் ஆக்கி வைத்ததையே அவை உண்ண வேண்டும். உண்ணும் முறையும் விந்தையானது. நாம் உணவை உள்ளே இட்டுச் செரிக்கிறோம். காளானோ செரிமான நீரை வெளியே சுரந்து, மரத்தை அது கிடந்த இடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சுகின்றது. மரத்தின் உடலை நிறுத்தி வைக்கும் செல்லுலோஸ் என்னும் நாரும், அந்நாரைப் பிணைக்கும் லிக்னின் என்னும் கடும்பசையும் இவ்வாறுதான் சிதைகின்றன. பூஞ்சைகளின் இவ்வுழைப்பு நின்றுவிடுமாயின், வீழ்ந்த மரங்களெல்லாம் வீழ்ந்தபடியே குவிந்து கிடக்கும். அடுத்த விதை ஊன்றுவதற்கு இடமும் இராது, உரமும் இராது.

இருப்பினும் உலகோர் நாவில் காளானுக்கு நற்பெயர் இல்லை. அடித்தளமின்றித் திடீரெனத் தோன்றுவனவற்றைக் காளான் போல் முளைத்தன என இகழ்கிறோம். சங்கச் சான்றோர் இதனை ஆம்பி என்று வழங்கினர். அவர்தம் பாக்கள் சிலவற்றில் ஆம்பி வறுமையின் அடையாளமாகக் காட்சி தருகின்றது. புறநானூற்றில் குமணனை நாடிச் செல்லும் பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துவிட்ட தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைச் சொல்லித் தம் துயரை உரைக்கின்றார். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் பாணனின் அட்டிலில், கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் முளைத்திருக்கின்றது. ஆள் ஒழிந்த இடத்தில், அடுப்பு அணைந்த இடத்தில் வருவது காளான் என்பதே மக்கள் உள்ளத்தில் பதிந்த கருத்து. இறந்ததை உண்டு வாழ்வது இழிந்த பிழைப்பு என்னும் அருவருப்பும் அதனுள் மறைந்திருக்கின்றது.

இறந்ததை உண்டு வாழ்வது இழிவா? இதுவே நாம் ஆராயப் புகும் வினா.

சற்றே நின்று எண்ணிப் பார்ப்போமாயின், நம்மில் பெரும்பாலோர் அவ்வாறு உண்பவர்களே. நாம் குடியிருக்கும் வீடு மரித்தவர் கட்டியது. நாம் உழும் நிலம் மரித்தவர் திருத்தியது. வாரிசு என்பவன், இன்னொருவர் உழைத்து விட்டுச் சென்றதை உண்பவன். அருமை நாயகம் (ஸல்) அவர்கள், பாலை மண்ணுக்குள் விளையும் கம்அத் என்னும் பூஞ்சை 'மன்னு' வகையைச் சேர்ந்தது என மொழிந்ததாக ஸயீத் பின் ஸைத் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அது நம் கொல்லைக் குடைக்காளானுக்கு உறவினமேயன்றி அதுவே அன்று. ஆயினும் அதனை மன்னு எனச் சொன்னதற்கு விரிவுரையாளர்கள் கூறும் காரணம் சிந்திக்கத் தக்கது. உழாமலும் விதைக்காமலும் இறைவன் கொடையாகக் கிடைப்பது ஆதலின் அப்பெயர் பெற்றது என்பர். வாரிசுச் சொத்தும் அத்தகையதன்றோ? நாம் உழவில்லை, விதைக்கவில்லை, ஒரு மவுத்தின் மறுநாள் அது நம் வாசலில் வந்து நிற்கின்றது.

எனவே உண்பது இழிவன்று. எவ்வாறு உண்கிறோம் என்பதே கேள்வி. திருமறையின் 89ஆம் அத்தியாயமான ஸூரத்துல் ஃபஜ்ரு, வாரிசுச் சொத்தை உண்ணும் ஒரு முறையை வன்மையாகக் கண்டிக்கின்றது. அங்கே ஆளப்படும் சொல் 'லம்ம்' என்பது. சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒருசேர வாரிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். தன் பங்கோடு பிறர் பங்கையும் சேர்த்து உண்ணுதல் என ஹஸனுல் பஸரீ (ரஹ்) போன்றோர் அதற்கு விளக்கம் தந்தனர். அறியாமைக் காலத்து அரபியர் பெண்களுக்கும் சிறாருக்கும் பங்கு தராமல் அனைத்தையும் தாமே வாரிக்கொண்டனர் என்பதையும் முஃபஸ்ஸிர்கள் எடுத்துக்காட்டுவர். இறைவன் வாரிசை 'உண்ணாதே' என்று சொல்லவில்லை; 'வாரி உண்ணாதே' என்கின்றான்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. காளான் ஒன்றைச் செய்கின்றது என்பதனால் அது மனிதனுக்குச் சட்டமாகிவிடாது. ஹுக்மு வேறு, இஃதிபார் வேறு. சட்டம் திருமறையிலிருந்தும் சுன்னத்திலிருந்தும் வரும்; படைப்பைக் கண்டு பெறுவது படிப்பினை. 'இப்ரத்' என்னும் சொல்லே கடத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. கண்ட பொருளிலிருந்து காணாத பொருளுக்கு அறிவு கடந்து செல்வதே படிப்பினை. காளானுக்கு நிய்யத்து இல்லை. ஆதலின் அதற்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. அவ்வேறுபாட்டை மறவாமல் மேலே செல்வோம்.

நம் கொல்லை மரத்துக் காளான்கள் இறந்த மரத்தை உண்டன. நின்ற மரத்தைத் தொடவில்லை. எல்லாப் பூஞ்சையும் இவ்வளவு பொறுமையுடையதன்று. உயிரோடு நிற்கும் மரத்தின் வேரிலேயே புகுந்து அதனை உண்டு முடிப்பனவும் உள. தஞ்சை மாவட்டத்தில் 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தென்னைகளில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் நோய் எனப் பெயர் பெற்ற கேடு அத்தகைய ஒரு பூஞ்சையால் விளைவது. வெளியே மட்டைகள் பச்சையாகத் தோன்றும் காலத்திலேயே உள்ளே வேர் அழுகத் தொடங்கிவிடும். மனிதர்களிலும் இவ்விரு இனமும் உண்டு. தந்தை உயிரோடிருக்கையிலேயே சொத்தைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, பின் அவரைத் திண்ணைக்குத் தள்ளும் மக்கள் இல்லையா? இக்கொடுமை பெருகியமையாலன்றோ 2007ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது! பராமரிப்போம் என்னும் நிபந்தனையோடு சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்டால், அவ்வெழுத்தைச் செல்லாததாக்க அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கின்றது. ஷரீஅத்திலோ, ஒருவர் உயிரோடுள்ளவரை அவருக்கு வாரிசு என்று எவருக்கும் பங்குரிமை பிறப்பதேயில்லை. அவர் தம் வாழ்நாளில் கொடுக்க விரும்பினால் அதற்கும் நெறி உண்டு. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தையார் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு அண்ணலாரைச் சாட்சியாக்க விழைந்தார். பிள்ளைகள் அனைவருக்கும் இவ்வாறே கொடுத்தீரா என அண்ணலார் வினவினார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு அறிவுறுத்திச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள்.

அடுத்து, உண்ணும் வரிசை. மரம் வீழ்ந்தவுடன் முதலில் வந்து சேர்வன, அதிலுள்ள எளிய சர்க்கரையை விரைந்து உண்டு அகலும் பூஞ்சைகள். லிக்னின் என்னும் கடும்பசையைச் சிதைக்க வல்லவை சிலவே. அவை மெதுவாக, ஆண்டுக்கணக்கில் உழைப்பன. நம் ஊர்களில் வைக்கோலில் வளர்க்கப்படும் சிப்பிக் காளான் இவ்வினத்தைச் சேர்ந்தது. மாடு தின்றும் முழுமையாகச் செரிக்க இயலாத வைக்கோலின் கடும்பகுதியை அது கரைத்துவிடுகின்றது. ஒரு மய்யித்து விட்டுச் சென்றதிலும் சர்க்கரை உண்டு, கடும்பசையும் உண்டு. ரொக்கமும் நகையும் சர்க்கரை. கடனும், முதிய தாயும், மணமாகாத தங்கையும் கடும்பசை. சர்க்கரைக்கு முந்துவோர் பலர். பசையைக் கரைப்போர் சிலர். ஷரீஅத்து வகுத்த வரிசையோ தெளிவானது. முதலில் கபனும் அடக்கமும், பின்னர்க் கடன், அதன்பின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து, எஞ்சியதே வாரிசுகளுக்கு. கடன் தீர்க்கப்படாத ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, தாம் தொழுவிக்காமல், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்ற கருத்தில் பெருமானார் மொழிந்தார்கள். அபூ கதாதா (ரலி) அக்கடன் தம் பொறுப்பு என ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். சில தீனார்களே ஆன கடன்தான் அது. வாரிசுச் சொத்தில் முதற்கவளம் கடன்காரருடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இறுதியாகப் பங்கு. உளுத்த மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தவர்கள் அதனுள் கருங்கோடுகள் நெளிந்து செல்வதைக் கண்டிருப்பர். அவை எழுத்தாணியால் வரைந்த எல்லைகளைப் போலிருக்கும். ஒரே மரத்தில் குடியேறிய வெவ்வேறு பூஞ்சைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில் இவ்வெல்லைகள் தோன்றுகின்றன. அவ்வெல்லை நீதியால் எழுந்ததன்று. வலிமைக்கு வலிமை ஈடானதால் எழுந்தது. வலியது மெலியதை விழுங்கிச் செல்வதும் அங்கே உண்டு. மனிதன் அதனினும் உயர்ந்தவன் ஆக வேண்டுமாயின், அவனுக்கு வலிமை வகுக்காத எல்லை ஒன்று வேண்டும். திருமறையின் நான்காம் அத்தியாயம் பாகங்களை வகுத்துரைத்த பின்னர், இவை அல்லாஹ்வின் 'ஹுதூத்' என அறிவிக்கின்றது. ஹுதூத் என்னும் சொல்லின் பொருளும் எல்லைகளே.

அவ்வெல்லை யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் உஹதுப் போரில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர்தம் துணைவியார் இரு பெண் மக்களை அழைத்துக்கொண்டு அண்ணலாரிடம் வந்தார். குழந்தைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்றும், பொருளின்றி இவர்களை மணமுடித்து வைப்பது எங்ஙனம் என்றும் முறையிட்டார். அதன்பின் பாகப்பிரிவினை வசனம் அருளப்பெற்றது. அண்ணலார் அச்சிறிய தந்தையை அழைத்து, மக்களுக்கு மூன்றில் இரு பங்கும் அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார்கள். 24 பங்கில் மக்களுக்கு 16, தாய்க்கு 3, அவருக்கு 5. எல்லாவற்றையும் வாரிக்கொண்ட கை ஐந்தோடு நின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்நிகழ்ச்சி திர்மிதீ, அபூதாவூது முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. இச்சட்டத்தின் பிறப்புக்குப் பின்னே நின்றவர் ஒரு விதவை என்பதை நம் ஜமாஅத்துகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்துணையும் எழுதிய நாம், நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாது விடின் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

நம் தந்தையார் விட்டுச் சென்றது ஒரு வீடும், ஏரிப் பாசனத்தில் 72 சென்ட் நன்செய்யும். வாரிசுகள் தாயாரும் நாமும் ஒரே தமக்கையாரும். 24 பங்கில் தாயாருக்கு 3, நமக்கு 14, தமக்கையாருக்கு 7. தாயார் 2014இல் மறைந்த பின் அவர் பங்கும் பிரிய, தமக்கையாருக்கு உரியது சரியாக மூன்றில் ஒன்று. நிலத்தில் 24 சென்ட். இக்கணக்கு நமக்குத் தெரியாததன்று. மத்ரஸாவில் ஸிராஜிய்யா நூலை ஆண்டுதோறும் நடத்தி வந்தவர்கள் நாம். இருந்தும், தந்தையார் மறைந்த மறு ஆண்டு, உறவின் பெரியவர்கள் சிலர் கூடி, 'மணத்தின்போது நகையும் சீரும் செய்தாயிற்றே' என்று சொல்ல, தமக்கையார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். நாம் எதுவும் பேசவில்லை. பேசாதிருந்தது நமக்கு வசதியாக இருந்தது.

சட்டத்தின் மீது பழி சுமத்தவும் இடமில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மை; ஆயினும் சென்னை மாகாணத்தில் 1949இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்விலக்கை அகற்றிவிட்டது. நம் நாட்டில் வயலும் ஷரீஅத்துப்படியே பிரிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. தடுத்தது சட்டமன்று, நம் மௌனமே.

காளான் முளைத்த அந்த வாரத்தில்தான் ஃபராயிள் பாடத்தின் நடுவே ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அது ஹலால் ஆகிவிடுமா?" என்று கேட்டார். அவர் தம் வீட்டுச் செய்தியைக் கேட்டாரேயன்றி நம்மைக் குறித்துக் கேட்கவில்லை. தகாருஜ் என்னும் முறைப்படி ஒரு வாரிசு ஈடு பெற்றுக்கொண்டு தம் பங்கினின்று விலகலாம் எனத் தொடங்கினோம். ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனமுவந்து தந்தாலன்றிப் பிறருக்கு ஆகாது என்னும் நபிமொழிக் கருத்தையும் சொன்னோம். சொல்லிக்கொண்டிருக்கையிலேயே நா தடுமாறியது. தமக்கையார் பெற்ற ஈடு என்ன? அவர் மனம் உவந்ததா எனக் கேட்டவர் யார்? மணச்சீர் தந்தையார் தம் வாழ்நாளில் மகளுக்குச் செய்த அன்பு. அது மவுத்துக்குப் பின் பிறந்த உரிமைக்கு விலையாகுமோ?

அவ்வாரமே தமக்கையார் வீட்டுக்குச் சென்றோம். நிலத்தில் அவர் பங்கை எழுதித் தருவதாகவும், வீட்டின் மதிப்பில் அவர் பங்கைத் தொகையாகத் தருவதாகவும் சொன்னோம். வேண்டாம் தம்பி என்று அவர் மறுப்பார், நாம் வற்புறுத்துவோம், பின் அவர் கண்ணீரோடு ஏற்பார் என்றெல்லாம் நம் உள்ளம் ஒரு காட்சியை வரைந்து வைத்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். அவர் மறுக்கவில்லை. சற்று நேரம் நம்மைப் பார்த்துவிட்டு, "நிலம் சரி தம்பி. பன்னிரண்டு வருஷத்துக் குத்தகை என்ன ஆச்சு?" என்றார்.

அக்கேள்விக்கு நாம் ஆயத்தமாகச் செல்லவில்லை. அவர் பங்கில் விளைந்ததையும் நாம் உண்டிருந்தோம். கொடையாளியாகச் சென்ற நாம் கடனாளியாகத் திரும்பினோம். பதிவு அலுவலகத்தில் 24 சென்ட்டுக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினோம். குத்தகையை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டு, வீட்டுப் பங்கோடு சேர்த்துத் தவணை தவணையாகச் செலுத்தினோம். 2024ஆம் ஆண்டு ரமலானுக்கு முன்னர்தான் கடைசித் தவணை தீர்ந்தது. விலை ஒப்பவில்லை என நாம் தனித்து முடிவு செய்து கிடத்திவிட்ட வேப்பமரத்திலும் மூன்றில் ஒரு பங்கு அவருடையது என்பது அதன் பின்னரே நம் நினைவுக்கு வந்தது.

இத்தீமை பன்னிரண்டாண்டு நீண்டதற்குக் காரணம் என்ன என எண்ணிப் பார்த்தோம். பேராசை ஒரு பகுதி, தாமதம் மறுபகுதி. 'அத்தா பெயரிலேயே இருக்கட்டும், என்ன அவசரம்?' என்னும் சொல் நம் இல்லங்களில் மரியாதைச் சொல்லாக உலவுகின்றது. பட்டா மரித்தவர் பெயரிலேயே ஒரு தலைமுறை கடக்கும். பங்குக்குரியோர் ஒவ்வொருவராக மறைவர். பேரர்கள் காலத்தில் அது வழக்காகி நிற்கும்.

அவ்வேப்பமரத்தின் மறுபுறத்தைக் கறையான் மண்ணால் மூடியிருந்தது. கறையானுக்கும் காளானுக்குமிடையே ஒரு தொடர்பு உண்டு. நம் நாட்டுப் புற்றுக் கறையான்களில் பல, தின்ற மரத்தூளைக் கொண்டு புற்றினுள் தோட்டம் அமைத்து, அதில் பூஞ்சையை வளர்த்து, அது பதப்படுத்தியதை உண்கின்றன. மழைக்குப் பின் புற்றின் மீது முளைக்கும் புற்றுக் காளான் அத்தோட்டத்தின் கனியே. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பின்னர் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியேற்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பார், நம் தமிழகத்துப் புற்றுகளை ஆய்ந்து 1779இல் இத்தோட்டங்களைப் பற்றி எழுதினார். இவ்வினக் காளான் ஒன்றுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராஜன் என்னும் அறிஞர் 1979இல் டெர்மிட்டோமைசஸ் ஹெய்மியை என்று பெயரிட்டார்.

கறையான் என்றதும் ஓதியவர் உள்ளத்தில் எழுவது ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாறு. 34ஆம் அத்தியாயமான ஸூரத்து ஸபஃ அதனைக் கூறுகின்றது. அன்னார் கைத்தடியில் சாய்ந்தபடியே வஃபாத்தானார்கள். ஜின்கள் அவர் உயிரோடு நிற்பதாகவே கருதிக் கடும்பணியில் உழன்றன. மண்ணில் வாழும் சிற்றுயிர் ஒன்று தடியை அரித்து, அவர் சாய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. முஃபஸ்ஸிர்கள் அச்சிற்றுயிரை 'அரளா' என்பர். மரத்தை அரிக்கும் கறையானுக்குரிய பெயர் அது. மறைவானதை ஜின்கள் அறியா என்பதே அங்கு நேரிய பாடம். எனினும் நம் உள்ளம் இன்னொன்றையும் கண்டது. மரித்தவரை நிற்பவராகக் காட்டிக்கொண்டிருக்கும் தடி ஒன்று நம் வீடுகளிலும் இருக்கின்றது. பிரிக்கப்படாத பட்டாவே அது. அத்தடி நிற்கும்வரை அதன் நிழலில் யாரோ ஒரு பெண் பங்கின்றி உழன்றுகொண்டிருப்பார். நபியின் தடியை அரித்த சிற்றுயிர் அழிவைச் செய்யவில்லை, உண்மையை வெளிப்படுத்தியது.

எனவே, இறந்ததை உண்பது இழிவன்று என்பதே நம் முடிவு. மரம் இறந்த பின் அதனைக் கரைத்து மண்ணாக்கும் காளான், உண்டதைத் தன்னிடமே தேக்கி வைப்பதில்லை. ஒரு நாள் குடை விரித்து, வித்தைக் காற்றிலும் உடலை மண்ணிலும் விட்டுச் செல்கின்றது. இழிவு, உயிரோடிருப்பவரை உண்பதில் உண்டு; கடனை விட்டு இனிப்பை உண்பதில் உண்டு; பிறர் பங்கைச் சேர்த்து வாரி உண்பதில் உண்டு. நாமும் ஒரு நாள் வீழும் மரங்களே. நம்மை உண்ண வருவோர் எவ்வாறு உண்பர் என்பதை, நம் முன்னோர் விட்டதை நாம் உண்ணும் முறையைக் கண்டே நம் மக்கள் கற்றுக்கொள்வர்.

சங்கப் புலவர் தம் இல்லத்து அடுப்பில் கண்ட ஆம்பி, இன்றும் பங்கு மறுக்கப்பட்ட பெண்களின் அடுப்பில் பூக்கலாம். இதனைப் படிக்கும் இல்லங்களில் பிரிக்கப்படாத சொத்து இருக்குமாயின், மாதத்தை எண்ணாமல் இந்த வாரமே அமர்ந்து கணக்கிடுக. தமக்கையோ தங்கையோ வந்து கேட்கட்டும் எனக் காத்திராமல் நாமே சென்று கேட்போம். குத்தகைக் கணக்கையும் கையோடு எடுத்துச் செல்வோம். எல்லைகளை அறிந்தும் மீறியோரின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காமல், அவற்றைப் பேணியோரோடு வல்ல நாயன் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.